எழுதி முடிப்பதற்குள் பிடுங்கியது

என் அண்ணியின் இடது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் மடங்காது. சும்மா பார்த்தால் தெரியாது. கீபோர்டில் தட்டும்போதுதான் தெரியும். மற்ற விரல்கள் இறங்கி ஏறிக்கொண்டிருக்க, அந்த இரண்டும் அந்த வேலையில் தங்களுக்குப் பங்கில்லை என்பதுபோல விறைத்து நிற்கும். அவை உடைந்த நாளில் நான் அவருக்கு ஆறடி தள்ளி இருந்தேன். ஒரு சவுக்குக் கழி மேலே போனதையும் கீழே வந்ததையும் பார்த்தேன். அந்தக் கைக்கு அடியில் ஒரு ஹார்ட் டிஸ்க் இருந்தது. கறுப்பு நிறம், உள்ளங்கை அகலம். அதன் ஓரத்தில் சிறிய நீல விளக்கு ஒன்று விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தது. விளக்கு எரிகிறவரை அண்ணி கையை எடுக்கவில்லை.

படவேட்டில் கோயிலுக்குப் போகும் சாலையில் எங்களுக்கு ஒரு ஸ்டுடியோ இருந்தது, அதன் பின்கட்டில் வீடு. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கட்சிக் கூட்டம் எல்லாம் எடுப்போம். அண்ணன் முதல் கேமரா, நான் இரண்டாவது கேமரா. எடுத்து வந்ததைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, வெட்டி ஒட்டி, பாட்டுச் சேர்த்துக் கொடுப்பது அண்ணி. அவர் புதூர்நாட்டுப் பக்கத்து மலைக்காரர். அவருடைய அப்பாவுக்குச் சாமை விதைக்கிற கொல்லையும் சில புளிய மரங்களும் இருந்தன. திருப்பத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக் கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்தவர். மலையில் ஒரு திருவிழாவைப் படமெடுக்கப் போன அண்ணன் பார்த்து, பிடித்துப்போய்க் கட்டிக்கொண்டு வந்தான். என்னைவிட ஒரு வயது சின்னவர். ஆனாலும் வந்த முதல் நாளே என்னைத் தம்பி என்றார், நான் அண்ணி என்றேன். எட்டு வருஷம் ஒரே அறையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தோம்.

அண்ணன் நல்ல கேமராமேன். தாலி கட்டும் நொடியில் எந்தப் பெண்ணின் கண்ணில் நீர் வரும் என்று முன்கூட்டியே தெரிந்து அங்கே திரும்பியிருப்பான். ஆனால் கோபம் வந்தால் அவன் கையில் இருப்பது பறக்கும். கையில் ஒன்றும் இல்லாவிட்டால் கையே பறக்கும். டீ டம்ளர், லென்ஸ் மூடி, ஒருமுறை ட்ரைபாட். அதில் பெரும்பங்கு அண்ணி மேல்தான் விழுந்தது. எங்கள் வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. மறுநாள் காலையில் அண்ணி வீங்கிய பக்கத்தைச் சுவர்ப் பக்கமாக வைத்து உட்கார்ந்து எடிட் செய்வார். நான் என் நாற்காலியை அதற்கு ஏற்றபடி நகர்த்திப் போட்டுக்கொள்ளப் பழகியிருந்தேன். அதை அப்போது மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஹார்ட் டிஸ்க் விஷயத்தில் அண்ணி அவ்வளவு கறாராக மாறியதற்கு ஒரு கல்யாணம் காரணம். இரண்டு நாள் எடுத்த படமெல்லாம் கேமரா கார்டுகளிலிருந்து நேராக ஹார்ட் டிஸ்குக்கு ஏறிக்கொண்டிருந்தது. அடுத்த வேலைக்கு அந்த டிஸ்க்கை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டிய அண்ணன், இன்னும் ஆகவில்லையா என்று இரண்டு முறை கேட்டான். மூன்றாம் முறை கேட்கவில்லை. வெடுக்கென்று வயரோடு பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான். முழுக்க ஏறிவிட்டதாகத் திரை காட்டியதை நான் பார்த்திருந்தேன். அதை நம்பிக் கார்டுகளை அழித்துவிட்டேன். மறுநாள் டிஸ்க்கைச் செருகினால், இதை ஃபார்மட் செய்யட்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. அன்று எங்களில் யாருக்கும் அதிலிருந்து எதையும் மீட்கத் தெரியவில்லை.

ஒரு வாரம் கழித்துக் கல்யாணப் பெண்ணின் அண்ணன்மார் மூன்று பேர் வந்தார்கள். முகப்புக் கண்ணாடியை உடைத்தார்கள். லைட் ஸ்டாண்டைப் பிடுங்கி அண்ணனின் விலாவில் அடித்தார்கள். அடித்தவர்களில் ஒருவர் அடிக்கும்போதே அழுதார். கல்யாணம் முடிந்த நாலாம் நாள் அவர்களுடைய அப்பா இறந்திருந்தார். அவர் கடைசியாக நடந்ததும் சிரித்ததும் அந்தப் படத்தில்தான் இருந்தன. அவர்கள் போன பிறகு அண்ணன் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், இன்னொரு காப்பி எடுத்து வைக்கவில்லை என்று அண்ணியை அடித்தான்.

அதற்குப் பிறகு அண்ணி எங்கிருந்தெல்லாமோ படித்தும் பார்த்தும் அந்தச் சின்னப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டார். எனக்கும் சொன்னார்.

“அது எழுதி முடிச்சுட்டேன்னு நம்மகிட்ட சொல்லிடும் தம்பி. ஆனா எழுதியிருக்காது. கொஞ்சத்தக் கையில வெச்சுகினு, அப்புறம் போட்டுக்கலாம்னு இருக்கும். எடுக்கப் போறோம்னு நாம சொன்னாத்தான் இருக்குறதெல்லாம் போட்டு முடிச்சுட்டு, சரி எடுத்துக்கோங்கும். சொல்லாம புடுங்குனா எது எங்க கீதுன்னு அதுக்கே தெரியாம பூடும்.”

அவர் செய்கிற வரிசை எனக்கு இன்றும் மனப்பாடம். டிஸ்க்கிலிருந்து திறந்த ஒவ்வொன்றையும் முதலில் மூடுவார். திரையின் வலது கீழ்மூலையில் இருக்கும் குட்டிப் படத்தை அமுக்கி, எந்த டிஸ்க் என்று காட்டுவார். இப்போது எடுக்கலாம் என்று திரை சொல்லும்வரை வேறு எதையும் தொட மாட்டார். சொன்ன பிறகும் இடது உள்ளங்கையை டிஸ்க்கின் மேல் வைத்து, உள்ளே சுற்றுகிற தட்டின் நடுக்கம் நின்றுவிட்டதா என்று பார்ப்பார். நின்ற பிறகுதான் வயரைப் பிடிக்காமல் முனையைப் பிடித்து உருவுவார். அண்ணன் பக்கத்தில் நின்று பல்லைக் கடிப்பான். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அண்ணி அவனுக்கு இடம் கொடுத்ததில்லை.

ஒரு மாசி மாதம், புதூர்நாட்டுக்கு மேலே ஒரு கிராமத்தில் மாடு விடும் விழாவுக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். அண்ணிக்குச் சொந்தக்காரர்கள் இருந்த ஊர். இரண்டு பக்கமும் சவுக்குக் கழி நட்டு மூங்கில் கட்டிய பாதையில் காளைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துவிடுவார்கள். எது குறைந்த நேரத்தில் கோட்டைத் தாண்டுகிறதோ அதற்குப் பரிசு. நேரத்தில் தகராறு வந்தால் படத்தைப் போட்டுப் பார்த்துத் தீர்த்துக்கொள்ள விழாக் கமிட்டி நினைத்தது. எங்கள் வேன் புதூர்நாட்டோடு நின்றுவிடும், அதற்கு மேல் ஜீப்தான். அன்று எங்களை ஏற்றிக்கொண்டு போன ஜீப்புக்காரருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். பின்னால் சாமான்களோடு அவருடைய தம்பியும் தொற்றிக்கொண்டு வந்தார். இருபத்திரண்டு வயது, பெங்களூரில் கட்டட வேலை, திருவிழாவுக்காக வந்திருந்தார். மணிக்கட்டில் புதிதாகச் சிவப்புக் கயிறு கட்டியிருந்தார். வளைவு வரும்போதெல்லாம் எங்கள் ட்ரைபாட் உருளாமல் காலால் அணைத்துப் பிடித்துக்கொண்டார். தாயும் தகப்பனும் இல்லாத இரண்டு பேர் என்றும், பெரியவர்தான் சின்னவரை வளர்த்தார் என்றும் அண்ணி என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

ஒரு புளிய மரத்தடியில் பந்தல் போட்டு மேசையும் பக்கத்தில் ஜெனரேட்டரும் வைத்தோம். மாடு அவிழ்க்கிற இடத்தில் அண்ணன், முடிவுக் கோட்டில் நான். நடுப்பாதையில் ஒரு மரத்தூணின் மேல் மூன்றாவது கேமராவைக் கட்டிவிட்டோம், அதற்கு ஆள் கிடையாது. மூன்றின் வயர்களும் அண்ணியின் லேப்டாப்புக்கு வந்தன. லேப்டாப்பில் அவ்வளவு இடம் இல்லாததால் படம் நேராக ஹார்ட் டிஸ்கில் பதிவாகிக்கொண்டிருந்தது.

வெயில் ஏறுவதற்குள் நான்கு பேரைத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். ஒருவருக்குத் தொடை கிழிந்து உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது. இன்னொருவருக்குக் கொம்பு கன்னத்தில் ஏறிப் பல்லோடு வெளியே வந்திருந்தது. பாதையில் கிடந்த ரத்தத்தின் மேல் ஒருவர் மண்ணை அள்ளிப் போடுவார், அடுத்த மாடு வரும். ஓடுகிற மாட்டின் முதுகில் அறைவதற்காக ஆட்கள் மூங்கிலைத் தாண்டிக் குதிப்பதும், உயிர் தப்பி ஏறுவதும், விசிலும் தப்பட்டையுமாக மலையே அதிர்ந்தது. மலைக்குக் கீழே, கீழ்நாட்டிலிருந்து ஒரு மாட்டுக்காரர் டெம்போவில் எட்டுப் பத்து ஆட்களோடு வந்திருந்தார். டெம்போவை நிறுத்திய இடத்தில் ஜீப் போக வழியில்லை என்று காலையிலேயே ஜீப்புக்காரருக்கும் அவருடைய ஆட்களுக்கும் வாய்த்தகராறு வந்து கன்னத்தில் விழுந்த ஓர் அறையோடு முடிந்திருந்தது. அறை வாங்கியவர் ஜீப்புக்காரர். அந்த மாட்டுக்காரரோடு தோளில் கைபோட்டு நின்று அண்ணன் ஒரு படம் எடுத்துக்கொண்டதையும் ஊர் பார்த்திருந்தது.

மத்தியானம் அந்தக் கீழ்நாட்டு மாட்டை அவிழ்த்தார்கள். நான் முடிவுக் கோட்டில் கேமராவுக்குப் பின்னால் இருந்தேன். நடுப்பாதையில் புழுதி எழுந்தது. அந்தப் புழுதிக்குள்ளிருந்து மாடு வந்தபோது அதன் தலையில் ஓர் ஆள் இருந்தார். முதலில் பிடித்துத் தொங்குகிறார் என்று நினைத்தேன். பிறகுதான் அவருடைய கைகள் எதையும் பிடிக்கவில்லை என்று தெரிந்தது. கொம்பு வயிற்றுக்குள் இருந்தது. மாடு தலையை இரண்டு முறை உதறியது, மூன்றாவது உதறலில் அவர் என் கேமராவுக்கு இருபதடி முன்னால் வந்து விழுந்தார். ஜீப்புக்காரரின் தம்பி. கண்கள் திறந்திருந்தன. ஏதோ கேட்க வந்தவர் போல வாயைத் திறந்து மூடினார், பிறகு திறக்கவில்லை.

நான் பந்தலுக்கு ஓடினேன். நான் போய்ச் சேர்வதற்குள் செய்தி போய்விட்டிருந்தது, அதுவும் வேறு உருவத்தில். டெம்போ ஆட்கள் தள்ளிவிட்டார்கள், காலைச் சண்டைக்குப் பழி தீர்த்துவிட்டார்கள் என்று. பத்துப் பதினைந்து பேரோடு ஜீப்புக்காரர் வந்தார். சட்டையெல்லாம் தம்பியின் ரத்தம். கையில் பாதையிலிருந்து பிடுங்கிய சவுக்குக் கழி. நடுக் கேமரா எதைப் பார்த்துக்கொண்டிருந்தது என்று அவருக்குத் தெரியும், அந்தத் தூணை நட்டவரே அவர்தான்.

“அந்த டிஸ்க்க குடு.”

“குடுக்குறேன் அண்ணா. எழுதிகினு கீது. நிறுத்திட்டு எடுத்துத் தர்றேன்.”

“அழிக்கப் பாக்குற. உன் வூட்டுக்காரன் அந்த மாட்டுக்காரனோட கூட்டாளி.”

“அழிக்கல அண்ணா. இப்பப் புடுங்குனா உள்ள ஒன்னும் இருக்காது. உங்களுக்குத்தான் அது வேணும். ரெண்டு நிமிஷம் குடுங்க.”

அதற்குள் அண்ணன் ஓடி வந்து ஜீப்புக்காரரின் கழுத்தைப் பின்னாலிருந்து பிடித்தான். கூட வந்தவர்கள் அவன்மேல் விழுந்தார்கள். ஒரு கல் அவன் நெற்றியைப் பிளந்தது. ஸ்பீக்கர் பெட்டி சரிந்தது. பந்தல் கால் ஒன்று ஒடிந்து கீற்று அண்ணியின் தலைக்கு மேல் இறங்கியது. அண்ணி குனிந்து, இடது கையை டிஸ்க்கின் மேல் விரித்து வைத்து, வலது கையால் பதிவை நிறுத்தினார். மூலையில் இருந்த குட்டிப் படத்தை அமுக்கினார். இந்த டிஸ்க்கை இன்னும் ஏதோ ஒன்று பயன்படுத்திக்கொண்டிருக்கிறது, இப்போது எடுக்க முடியாது என்று திரையில் வந்தது. காலையில் ஒரு மாட்டின் நேரத்தைக் கமிட்டிக்குக் காட்டத் திறந்த படம் பின்னால் மூடாமல் இருந்தது. அதைத் தேடி மூடினார். மறுபடி அமுக்கினார்.

அப்போதுதான் கழி இறங்கியது. முருங்கைக்காய் ஒடிகிற சத்தம் கேட்டது. அண்ணி கத்தவில்லை, மூச்சை மட்டும் உள்ளே இழுத்தார். கை அங்கேயே இருந்தது. “இன்னும் ஒரு நிமிஷம்” என்றார். ஜீப்புக்காரர் அந்தக் கையைத் தூக்கித் தள்ளிவிட்டு, டிஸ்க்கைப் பற்றி வயரைப் பிடுங்கினார். நீல விளக்கு அணைந்தது. உள்ளே டக்கென்று ஏதோ ஒன்று அடித்துக்கொண்டது. ஆறடி தள்ளி, ஜெனரேட்டருக்குப் பின்னால் குந்தியிருந்த எனக்கே அது கேட்டது.

பிறகு நடந்ததை நான் முழுக்கப் பார்க்கவில்லை. டெம்போ எரிந்தது. கீழ்நாட்டு ஆட்கள் ஓடைச் சரிவில் இறங்கி ஓடினார்கள். பிடித்துக் கட்டியிருந்த மாடு மட்டும் அங்கேயே நின்றது. ஜீப்புக்காரர் கொடுவாளால் அதன் பின்னங்கால் நரம்புகளை வெட்டினார். அது உட்கார்ந்தது, முன்னங்கால்களை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தது, மறுபடி உட்கார்ந்தது. நாங்கள் வேறொரு ஜீப்பில் ஏறிக் கிளம்பும்வரை அது எழுந்திருக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. கொம்பில் கட்டிய பலூன் ஒன்று உடையாமல் ஆடிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட கையோடு அண்ணி போலீசுக்கு எழுதிக் கொடுத்தார். யார் அடித்தது, எதனால் அடித்தது எல்லாம். சாட்சி என்று நான் கையெழுத்துப் போட்டேன். மாட்டுக்காரரும் தனியே எழுதிக் கொடுத்தார். தம்பியைப் புதைத்த கையோடு ஜீப்புக்காரர் காணாமல் போயிருந்தார்.

பத்தாம் நாள் மத்தியானம் அவர் எங்கள் ஸ்டுடியோவுக்குள் வந்தார். தாடியும் அழுக்கு வேட்டியுமாக. ஒரு துண்டில் சுற்றி ஹார்ட் டிஸ்க்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். தெரிந்தவர் ஒருவரின் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தாராம், ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்டதாம். நல்லவேளை, வேண்டாம் என்று சொல்லத் தெரிந்திருக்கிறது.

அண்ணன் எழுந்தான். தலைக்கட்டு இன்னும் அவிழ்க்கவில்லை. ஒன்றும் கேட்காமல் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அவர் முகத்தில் குத்தினான். வயிற்றில் உதைத்தான். ஜீப்புக்காரர் மடங்கி உட்கார்ந்தார், ஒரு கையைக்கூடத் தூக்கவில்லை. மூக்கிலிருந்து ரத்தம் துண்டின் மேல் சொட்டியது. டிஸ்க்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

“போதும் நிறுத்து,” என்றார் அண்ணி. “அந்த ஆளு கையில டிஸ்க் கீது. கீழ வுழுந்துடும்.”

அண்ணன் நிறுத்தியது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அண்ணி போய் டிஸ்க்கை வாங்கி, துண்டைப் பிரித்து, காதருகே வைத்து லேசாக ஆட்டிப் பார்த்தார்.

“இன்னா வேணும் உங்களுக்கு?”

“பாக்கணும்மா. பின்னாலேர்ந்து ஒரு கை என்னெத் தள்ளுச்சு. குப்புற வுழுந்தேன். எழுந்து திரும்பறதுக்குள்ள தம்பி கொம்புல தொங்கிகினு கீறான். என்னெத் தள்ளுனவன்தான் அவனையும் தள்ளியிருக்கான். மூஞ்சி மட்டும் தெரிஞ்சாப் போதும். பதினாறாம் நாள் காரியத்துக்குள்ள நான் முடிச்சுடுவேன்.”



“பாக்குறேன். வருமான்னு தெரியாது,” என்றார் அண்ணி. “ஆனா கைக்கு நான் எழுதிக் குடுத்தத வாபஸ் வாங்க மாட்டேன். அது வேற, இது வேற.”

“வாங்க வேணாம்,” என்றார் அவர். மூன்றாம் நாள் வருவதாகச் சொல்லிவிட்டுப் பாதி ஷட்டரின் கீழே குனிந்து போனார்.

இடது கை கட்டில் இருந்ததால், இரண்டு கை வேண்டிய இடத்திலெல்லாம் என் கையைக் கேட்டார். முதலில் டிஸ்க்கில் இருந்ததை, உடைந்தது உடைந்தபடியே, இன்னொரு டிஸ்க்குக்கு அப்படியே படியெடுத்தோம். பழையதை அதற்குப் பிறகு தொடவில்லை. காலை நேரத்துப் படங்கள் பெரும்பாலும் கிடைத்தன. பதிவாகிக்கொண்டிருந்த கடைசிப் படம் மட்டும் திறக்கவில்லை. படம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்கிற குறிப்பைக் கடைசியாகத்தான் எழுதும், அதை எழுதுவதற்குள் பிடுங்கியாகிவிட்டது என்றார் அண்ணி. அதே கேமராவில் காலையில் எடுத்த நல்ல படம் ஒன்றை மாதிரியாக வைத்து, அந்தக் குறிப்பை மென்பொருளால் புதிதாக எழுதவைத்தார். இரண்டு நாள், ஏழெட்டு முறை. கட்டுக்குள் விரல்கள் வலிக்கும்போது கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார்.

மூன்றாம் நாள் காலையில் படம் ஓடியது. அங்கங்கே கட்டம் கட்டமாக உடைந்த படம்தான், ஆனால் ஆட்கள் தெரிந்தார்கள். மூங்கில் ஒரு பக்கம் சாய்ந்துகிடக்கிறது. ஜீப்புக்காரர் டெம்போ ஆள் ஒருவரின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டே பின்னால் நகர்ந்து, தெரியாமல் பாதைக்குள் வந்துவிடுகிறார். முதுகு மாடு வருகிற பக்கம். சட்டை கிழிந்து அந்த ஆள் விலகி ஓடிவிடுகிறார். ஜீப்புக்காரர் அங்கேயே நின்று கத்துகிறார். அப்போது கூட்டத்திலிருந்து ஒருவர் மூங்கிலுக்கு அடியில் நுழைந்து ஓடி வந்து, இரண்டு கையையும் அவர் முதுகில் வைத்து மறுபக்கம் தள்ளுகிறார். தள்ளியவரின் மணிக்கட்டில் சிவப்புக் கயிறு இருந்தது. தள்ளிய வேகத்தில் அவரே இப்போது மாட்டுக்கு எதிரில் நின்றார், நேராக நிமிரக்கூட நேரமில்லை.

அண்ணி படத்தை அங்கேயே நிறுத்தினார்.

“அண்ணி, ஒன்னும் வரலன்னு சொல்லிடலாம்,” என்றேன்.

“சொல்லலாம். அப்புறம் அவரு போய் எவனையாவது வெட்டுவாரு. சின்னவரு எதுக்குச் செத்தாருன்னும் யாருக்கும் தெரியாம பூடும்.”

ஜீப்புக்காரர் வந்தார். அண்ணி தன் நாற்காலியில் அவரை உட்காரவைத்துவிட்டுப் பின்னால் நின்றார். முதல் முறை பார்த்து முடித்ததும் அவர், “இன்னொரு தபா” என்றார். ஐந்து முறை பார்த்தார். ஐந்தாவது முறை, அந்தக் கைகள் முதுகைத் தொடுகிற இடத்தில், தன் முழங்கைக்குக் கீழே சதையைக் கடித்துக்கொண்டார். பல் பதிந்து ரத்தம் வந்தது. விடவில்லை. நான் தாடையைப் பிடித்துப் பிரிக்க வேண்டியிருந்தது. பிறகு நெற்றியால் மேசையை முட்டினார். மேசைமேல் இருந்த எல்லாம் குதித்தன. அண்ணி தன் உடையாத கையை மேசை விளிம்பில் கொண்டுபோய் வைத்தார். அடுத்த முட்டு அந்தக் கைமேல் விழுந்தது. அதற்கு மேல் அவர் முட்டவில்லை.

பிறகு, “மாடு வர்றதுக்கு முன்னாடி நிறுத்த முடியுமாம்மா?” என்று கேட்டார். “அவன் கை வெச்ச எடத்தோட.”

அண்ணி வெட்டினார். நான்கு நொடி. ஒரு பென் டிரைவில் ஏற்றி, மூலையில் இருந்த குட்டிப் படத்தை அமுக்கி, எடுக்கலாம் என்று திரை சொல்லும்வரை காத்திருந்து, உருவிக் கொடுத்தார். காத்திருந்த அந்தச் சில நொடிகளில் ஜீப்புக்காரர் அண்ணியின் கட்டுப்போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, “ஸ்டேஷனுக்குப் போறேம்மா. நீங்க எழுதிக் குடுத்தது நெஜம்தான்னு சொல்லிடுறேன்” என்றார். சொன்னார். கைக்காகவும் மாட்டுக்காகவும் டெம்போவுக்காகவும் சில மாதங்கள் உள்ளே இருந்தார். பதினாறாம் நாள் காரியத்தைப் பங்காளிகள் செய்தார்கள்.

முழுப் படத்தையும் டிஸ்க்கையும் அண்ணி போலீசிடம் கொடுத்தார். எங்கள் கம்ப்யூட்டரிலும் இன்னொரு டிஸ்க்கிலும் இருந்த படிகளை அன்றே அழித்துவிட்டார். அது அண்ணனுக்குத் தெரியாது. கொம்பில் ஆள் தொங்குகிற படம் தன்னிடம் இருக்கிறது, சேனலில் போட்டால் உலகமே பார்க்கும் என்று அவன் நண்பர்களிடம் சொல்லிவைத்திருந்தான். அண்ணியின் கைக்கட்டைப் பிரித்த இரண்டாம் வாரம், ஒரு காலையில், படம் எங்கே என்று கேட்டான்.

நான் கொல்லைப்புறத்தில் கண்ணாடி மாட்டி முகம் மழித்துக்கொண்டிருந்தேன். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. “அழிச்சுட்டேன்” என்று அண்ணி சொன்னது கேட்டது. பிறகு மேசை நகர்ந்த சத்தம். எதையோ எடுத்து அடிக்கிற சத்தம். அது மானிட்டர் ஸ்டாண்ட் என்று பிறகு தெரிந்தது. “தம்பி” என்று அண்ணி கூப்பிட்டார். இரண்டாவது முறை இன்னும் சத்தமாக. எட்டு வருஷத்தில் அவர் அப்படி என்னைக் கூப்பிட்டதேயில்லை. நான் ஒரு கன்னத்தில் நுரையோடு, கையில் ரேசரோடு, அசையாமல் நின்றேன். கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு நின்றேன். நுரை காய்ந்து இறுகியது. பிறகு கதவு திறந்தது. அண்ணி காதைப் பொத்திக்கொண்டு என்னைக் கடந்து போனார். விரல் இடுக்கில் ரத்தம் வழிந்தது. தெருவில் போய்ப் பஸ் ஏறினார்.

சாயங்காலம் என்னை மகளிர் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். அண்ணி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஒரு காதில் பஞ்சு. நான் ஜீப்புக்காரருக்கு எதிராகக் கையெழுத்துப் போட்டவன் என்பதால், இதற்கும் போடுவேன் என்று அவர் நம்பியிருக்க வேண்டும். போலீஸ்காரம்மா நாற்காலி காட்டினார். காலையில் என்ன நடந்தது, பார்த்தீர்களா, கேட்டீர்களா என்றார்.

“நான் அப்ப வூட்ல இல்ல மேடம். கடைக்குப் போயிருந்தேன்,” என்றேன்.

அண்ணி என்னைப் பார்த்தார். கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. ஏதோ ஒரு கணக்கைச் சரிபார்த்து முடித்தவர் போலத் தலையைத் திருப்பிக்கொண்டார். வேறு சாட்சி இல்லை. அண்ணி எழுதிக் கொடுத்த புகார் அப்படியே கிடந்தது. அண்ணி மாற்றுத் துணிக்குக்கூடப் படவேட்டுக்குத் திரும்பாமல் மலைக்குப் போய்விட்டார்.

இப்போது புதூர்நாட்டில் ஒரு கம்ப்யூட்டர் வைத்து, சாதிச் சான்றிதழுக்கும் பட்டாவுக்கும் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிறார் என்று கேள்வி. ஜீப்புக்காரர் மறுபடி வண்டி ஓட்டுகிறாராம். எங்கள் ஸ்டுடியோ மூடிவிட்டது. அண்ணன் என்னோடுதான் இருக்கிறான்.  தட்டில் சோறு போட்டுக் கொடுப்பது நான்தான். சாப்பிட்டுக்கொண்டே, அவள் ஏன் போனாள் என்று சில சமயம் என்னிடம் கேட்பான். நான் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றுவேன்.

அண்ணியின் விரலை உடைத்தவர் அவராகவே ஸ்டேஷனுக்கு நடந்து போய் உண்மையைச் சொன்னார். என்னை நாற்காலி போட்டு உட்காரவைத்துக் கேட்டார்கள். அன்று காலை நான் வீட்டில்தான் இருந்தேன்.